பின் சீட்டில் பெரியப்பா

கார் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று உலகம் நம்புகிறது. சர்க்கஸில் டிக்கெட் கிழிக்கிறவனைக் கூப்பிட்டு சிங்கத்துக்கு ஊசி போடச் சொல்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஒரகடத்துப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

நான் அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். காரின் கதவு ஓரத்தில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கறுப்பாக ஒரு ரப்பர் ஓடும் அல்லவா, அதில் வெட்டு, நெளிவு, ஊதல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்புவது என் வேலை. முழுசாக ஒரு காரை நான் கம்பெனிக்குள் பார்த்தது, மேனேஜர் வந்து இறங்கும்போது மட்டும்தான். ஆனால் ஊருக்கு வரும்போது யூனிஃபார்ம் சட்டையோடு வருவேன். (நீலக் கலர். பாக்கெட் மேல கம்பெனி பேரு. பஸ்ஸில் கண்டக்டர்கூட ஒரு மாதிரி மரியாதையாகப் பேசுவார்.) யாராவது வண்டியைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, “சென்சார் ப்ராப்ளமா இருக்கும்” என்பேன். அதை மறுத்துப் பேசிய ஆள் இதுவரை பிறக்கவில்லை.

இந்தப் பெருமையெல்லாம் ஒரே மத்தியானத்தில் போனது. அன்று என் பெரியப்பாவுக்குக் காரியம்.

பெரியப்பா கன்னியப்பன், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உத்திரமேரூருக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் ஊர். ஊருக்குக் கடைசி வீடு அவருடையது. வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு கொட்டாய். அதற்குள் அவருடைய வெள்ளைக் கார். ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய அந்தக் காரை அவர் யாரையும் தொட விட்டதில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பதாக ஒரு பேச்சு உண்டு. ரொம்பப் பேசமாட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சரி, கடன் கேட்டாலும் சரி, மூக்கால் ஒரு “ம்ம்” வரும். அது ஒப்புதலா மறுப்பா என்று பெரியம்மாவுக்குத்தான் தெரியும்.

அந்தப் பெரியப்பா ஒரு நாள் காலை, காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன், குமரேசன் அண்ணன். சென்னையில் நல்ல வேலை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வேகமாக முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். காரியம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டி, அம்மாவை அப்பாவின் காரிலேயே ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். பெரியம்மாவிடம் கேட்டானா என்றால், சொன்னான். சொன்னதும் கேட்டதும் ஒன்று என்று நினைக்கிற ஜாதி அவன். பெரியம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் கட்டாமல் இருந்தாள்.

ஐப்பசி மாதம். விடியற்காலையிலிருந்தே வெளிச்சம் வராமல் வானம் கறுத்துக் கிடந்தது. ஏரிக்கரையில் சடங்கு முடிந்து, தூறலில் நனைந்தபடி வந்து, சாப்பாடும் ஆயிற்று. உச்சிப்பொழுதுக்குப் பக்கத்தில் கரண்டு போய்விட்டது. வாசலில் போட்டிருந்த சாமியானாவுக்குள் நீலமாக ஓர் இருட்டு. சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராஜகுளம் ஏகாம்பரம். உரக்கடை வைத்திருப்பவர், பெரியம்மாவுக்குத் தூரத்து உறவு. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். துக்க வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை, விதை மூட்டையில் கையை விட்டு முளைக்குமா முளைக்காதா என்று பார்க்கிற பார்வை. அதனால்தான் நான் காரியத்துக்கும் யூனிஃபார்ம் சட்டையில் வந்திருந்தேன். கீழே மட்டும் வேட்டி.

குமரேசன் அண்ணன் கொட்டாய்க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“பாலு, வண்டி ஸ்டார்ட் ஆவல. பேட்டரி புத்சாதான் கீது. இன்னான்னு பாரு.”

சாமியானா முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏகாம்பரம் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். நான் நிதானமாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கினேன்.

“சென்சார் ப்ராப்ளமா இருக்கும்ணா. பத்து நிமிசம்.”

(பத்து நிமிசம் என்று எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.)

கொட்டாய்க்குள் மண்ணும் பழைய ஆயிலும் கலந்த வாசனை. காரின் மேல் மூடியிருந்த சாம்பல் நிற உறையைக் குமரேசன் அண்ணன் பாதிதான் இழுத்திருந்தான். மீதி, பின்பக்கத்தில் தலை வரை போர்த்தியது போல் கிடந்தது. அதை நான் இழுத்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். வெளியே தூறல் சத்தம் இருந்தது, ஏரிப்பக்கம் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கொட்டாய்க்குள் நுழைந்தால் அதெல்லாம் தூரத்தில், அடுத்த ஊரில் கேட்பது போல் இருந்தது.

உள்ளே உட்கார்ந்தேன். பெரியப்பா குள்ளமான ஆள். சீட்டை ஸ்டியரிங் பக்கம் நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார். என் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டன. சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் அவருடைய துண்டு. கண்ணாடி அவர் கண் உயரத்துக்குத் திருப்பியிருந்ததால் அதில் என் முகம் தெரியவில்லை. பின் சீட்டு மட்டும் தெரிந்தது. காலியாக.

சாவியைத் திருப்பினேன்.

திருப்பியதும் கார் விழித்துக்கொண்டது. வைப்பர் இரண்டும் காய்ந்த கண்ணாடியில் கிரீச் கிரீச்சென்று தேய்க்க ஆரம்பித்தன. ஏசி முழு வேகத்தில் ஊதியது. டேஷ்போர்டு மேல் உத்திரமேரூர் முருகன் கோயில் விபூதி ஒரு பேப்பரில் மடித்து வைத்திருந்திருக்கிறார். அது பறந்து, பிரிந்து, மொத்தமும் என் முகத்தில் அடித்தது. நான் அலறவில்லை. வாய்க்குள் விபூதி இருந்ததால் அலற முடியவில்லை.

பிறகு யோசித்தபோது எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்தது. அவர் கடைசியாக வண்டியை நிறுத்திய அன்று மழை. வைப்பரும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். அது அது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் இந்த விளக்கம் எனக்கு வந்தது பல நாள் கழித்து. அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த மனிதர் பாதி வேலையில் எழுந்து போயிருக்கிறார்.

வைப்பரையும் ஏசியையும் அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்தேன். கிர்ர்ர் கிர்ர்ர் என்று இன்ஜின் சுற்றியது. நல்ல வேகமாகத்தான் சுற்றியது. ஆனால் பற்றவில்லை. சளி கட்டின தொண்டையைச் செரும முயன்று முடியாமல் விட்டுவிடுவது போல ஒரு சத்தம். மறுபடி. அதே செருமல். பெரியப்பா காலையில் கொல்லைப்பக்கம் நின்று செருமுவது ஊருக்கே கேட்கும்.

பேட்டரியைச் சோதிப்பது மட்டும் எனக்குத் தெரியும். ஹெட்லைட் போட்டேன். கொட்டாய்க்கு வெளியே தூறலில் வெள்ளையாக விழுந்தது. ஹாரன் அடித்தேன். தெருமுனை வரை கேட்டிருக்கும். சத்தம் கேட்டதும் பெரியப்பாவின் நாய் மணி எங்கிருந்தோ ஓடிவந்தது. அவர் போனதிலிருந்து அது சாப்பாட்டைத் தொடாமல் கிணற்றடியில் சுருண்டு கிடந்தது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது காருக்குப் பக்கத்தில் வந்து நின்று வாலை ஆட்டியது. எனக்காக ஆட்டுகிறது என்று நினைத்துக் கையை நீட்டினேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே, பின் சீட்டைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தது.

இறங்கி பானட்டைத் திறந்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே பொருள், பானட் ஓரத்து ரப்பர். அது முதல் தரமாக இருந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டேன், ஆட்டினேன். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பிடுங்கி, ஊதி, திருப்பிச் செருகினேன். கம்பெனிக்காரன் என்று காட்டுவதற்காக ஒரு ஒயரை மோந்து பார்த்தேன். விபூதி பூசிய முகத்தை ஆயில் கையால் துடைத்தேன். அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

கொட்டாய் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்து கொடுக்க, அதையும் மாட்டிப் பார்த்தோம். செருமல் இன்னும் பலமாக வந்தது. உத்திரமேரூர் மெக்கானிக்குக் குமரேசன் அண்ணன் போன் செய்தான். மழை விட்டால் நாளைக்கு வருகிறேன் என்றார் அவர். நாளைக்கு அண்ணனுக்கு ஆபீஸ். கடைசியில், தள்ளி ஸ்டார்ட் செய்வது என்று தீர்மானித்தோம். யோசனை என்னுடையது. (எல்லாரும் தலையாட்டினார்கள். கம்பெனிக்காரன் சொல்கிறான் அல்லவா.)

நான் ஸ்டியரிங்கில். சித்தப்பா பிள்ளைகளும் குமரேசன் அண்ணனும் பின்னாலிருந்து தள்ளினார்கள். கொட்டாயிலிருந்து தெருவுக்கு ஏற்றம். சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே கொண்டுவந்துவிட்டார்கள். தெருவில் திருப்பலாம் என்று ஸ்டியரிங்கை வளைத்தால் அது வளையவில்லை. அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல் இருந்தது. இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் அப்படித்தான் இறுகும் என்பது எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கியதால் தள்ளுகிறவர்கள் ஒரு கணம் கையை எடுத்தார்கள். வண்டி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன். பிரேக்கும் கல்லாகிவிட்டிருந்தது. அதுவும் இன்ஜின் ஓடாவிட்டால் அப்படித்தான். அதுவும் எனக்குத் தெரியாது.

பின்னால் நின்றவர்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். யாரும் கத்தவில்லை, அதுதான் பயங்கரம். அந்தத் தூறலில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கார் சத்தமே இல்லாமல் பின்னோக்கி இறங்கி, கொட்டாய்க்குள் நுழைந்து, பெரியப்பா டயருக்கு வைத்திருந்த செங்கல்லில் மெதுவாக முட்டி, அதே இடத்தில் நின்றது. சுவரில் ஒரு கீறல் இல்லை. பெரியப்பா நிறுத்துவது போலவே.

பிறகு ஒரு கிழவர் சொன்னார், கன்னியப்பன் வண்டியை விடமாட்டான் என்று. கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். குமரேசன் அண்ணன் மட்டும் கோபமாக, அப்பா செத்து இத்தனை நாளாயிற்று, இதெல்லாம் பேஜார் பேச்சு, டாக்சி சொல்லி அம்மாவையாவது கூட்டிக்கொண்டு போகிறேன், காரை அப்புறம் வந்து பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே சாமியானாவுக்குப் போனான். எல்லாரும் அவன் பின்னாலேயே போனார்கள். ஏகாம்பரம் போகும்போது என்னை ஒருமுறை பார்த்தார். மூட்டைக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்ட பார்வை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இறங்கி ஓடியிருக்க வேண்டிய நேரத்தில் ரோஷம் வருவது எங்கள் குடும்ப வியாதி. தனியாகக் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். தூறல் வலுத்துத் தகரத்தில் சடசடத்தது. ஹெட்லைட்டை அணைத்திருந்தேன். உச்சிப்பொழுதில், ஒரு காருக்குள், எதிரே இருக்கிற தெரு தெரியாத அளவுக்கு இருட்டு. மணி இன்னும் வெளியே உட்கார்ந்து பின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்தன. ஸ்டார்ட் செய்யக் கை வரவில்லை. அந்தச் செருமலை மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தபோது, வாய்விட்டுப் பேசினேன். ஏன் பேசினேன் என்று கேட்காதீர்கள்.

“பெரிப்பா, மானம் போவுது. கெளம்பலாமா?”

பின் சீட்டிலிருந்து, “ம்ம்ம்” என்று வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. மூக்கால் வரும், அடங்கின, நிதானமான ஒரு “ம்ம்ம்”. ஆரம்பித்து, நீண்டு, நின்றது. என் முதுகுக்கு இரண்டடி பின்னால்.

கண்ணாடியைப் பார்த்தேன். பின் சீட்டு காலி. மணியைப் பார்த்தேன். அது எழுந்து நின்று, உடம்பு முழுவதும் குலுங்க வாலை ஆட்டியது.

கதவை எப்படித் திறந்தேன் என்று ஞாபகமில்லை. ஒரு காலை வெளியே வைத்ததும் பின்னாலிருந்து என் வேட்டியை ஒரு கை பிடித்து இழுத்தது. (சீட்டைத் தள்ளும் கம்பியில் மாட்டியிருக்கிறது. சரி. இப்போது சொல்லுங்கள். அப்போது அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் குனிந்து பார்த்திருப்பீர்களா?) கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவது என்று அரை நொடியில் முடிவு செய்து வேட்டியை அங்கேயே விட்டேன். மேலே கம்பெனி யூனிஃபார்ம், கீழே கோடு போட்ட டிராயர், முகத்தில் விபூதியும் ஆயிலும். இந்தக் கோலத்தில் மழையைக் கிழித்துக்கொண்டு ஓடி, சாமியானாவுக்குள் பாய்ந்து, முதலில் அகப்பட்ட மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் ஏகாம்பரம்.

பந்தலில் இருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் ஆனது. அந்த இடைவெளியில் இரண்டு பேர் வெற்றிலைத் தட்டைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியிருந்தார்கள்.

“இன்னா தம்பி, இன்னாச்சி?” என்றார் ஏகாம்பரம், என்னைப் பிய்த்து எடுக்க முயன்றபடி.

“பின்னாடி ஒக்காந்துக்கினு கீறாரு.”

“யாரு?”

“பெரிப்பா. கெளம்பலாமான்னு கேட்டன். ம்ம்முன்னாரு.”

என்னை அவரிடமிருந்து பிரித்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையில் என் முகம் கண், மூக்கு, வாயோடு அச்சாகப் பதிந்திருந்தது.

எல்லாரும் கொட்டாய்க்குப் போனார்கள். யாரோ தோளில் போட்ட துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் கடைசியாகப் போனேன். காரின் கதவு திறந்து கிடந்தது. டேஷ்போர்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. என் வேட்டி உள்ளேயிருந்து வெளியே நாக்கு போல் தொங்கியது. குமரேசன் அண்ணன் எல்லாரையும் முறைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தான். அவன் கதவுக்குக் கை வைக்கும் முன், அதுவரை வாலாட்டிக்கொண்டிருந்த மணி, குறுக்கே வந்து நின்று உறுமியது. அவன் தூக்கி வளர்த்த நாய். அவன் கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் நகரவில்லை. தகரத்தில் மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது பெரியம்மா வந்தாள். அடுப்படியிலிருந்து வருகிறவள் போல், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு. கூட்டம் வழிவிட்டது. மணி விலகிக்கொண்டது. பெரியம்மா என் வேட்டியை எடுத்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கொஞ்சம் குனிந்தாள், பக்கத்துச் சீட்டுப் பக்கம் கையை நீட்டினாள். எதையோ தேடுகிறாளா, அவர் உட்கார்ந்த காரைத் தடவிப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு சாவியை அணைத்து, மறுபடி திருப்பினாள்.

பின் சீட்டிலிருந்து “ம்ம்ம்” என்றது. இந்த முறை வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

பெரியம்மா ஸ்டார்ட் செய்தாள். ஒரே சுற்று. இன்ஜின் பிடித்துக்கொண்டு ஓடியது. கொட்டாய் முழுக்கப் புகை.

சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குமரேசன் அண்ணனுடைய வாய் திறந்தபடியே இருந்தது. பெரியம்மா கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, இறங்கி வந்தாள்.

“அவுரு எங்கியும் வரலியாம். இங்கியேதான் இருப்பாராம்,” என்றாள் மகனிடம்.

“நீம்மா?”

“நானும்தான் நைனா.”

அண்ணன் சாயங்கால பஸ்ஸில் தனியாகச் சென்னைக்குப் போனான். போகும்போது கொட்டாய்ப் பக்கம் திரும்பவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். (பகலில். வெயில் நன்றாக ஏறின பிறகு. பேண்ட் போட்டுக்கொண்டு.) உத்திரமேரூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவள் சேர்ந்திருந்தாள். ஊரில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கற்றுக்கொடுப்பதே பெரியப்பாதான் என்று நம்பினார்கள். பெரியம்மா என்னைக் கொட்டாய்க்குக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து, காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விடச் சொன்னாள். விரல் நுனியில் சின்னதாக ஒரு சுவிட்ச் தட்டுப்பட்டது.

ஒரு அமாவாசைக்குத் திருப்புட்குழி கோயிலுக்குப் போனபோது யாரோ காரைத் திருடப் பார்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பெரியப்பா இந்தச் சுவிட்சை வைத்திருக்கிறார். அதை அணைத்துவிட்டால் பெட்ரோல் டேங்கில் இருக்கிற பம்ப் வேலை செய்யாது. இன்ஜின் சுற்றும், ஆனால் பெட்ரோல் வராது, பற்றாது. டேங்க் இருப்பது பின் சீட்டுக்கு அடியில். சாவியைத் திருப்பினால் முதலில் பம்ப் ஓடி, ம்ம்ம் என்று ஒரு சத்தம் கொடுத்து நிற்கும். பேட்டரி நன்றாக இருந்தும் வண்டி கிளம்பாவிட்டால், வண்டி தெரிந்தவன் முதலில் காது கொடுத்துக் கேட்கிற சத்தமே அதுதானாம். நான் ரப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவிட்சை ஏன் டிரைவர் பக்கம் வைக்காமல் இந்தப் பக்கம் வைத்தார் என்று கேட்டேன்.

“நான் அமுத்துனாத்தான் அவுரு வண்டி கெளம்பும்,” என்றாள் பெரியம்மா. “சாவிய திருப்பிட்டு என்னப் பாப்பாரு. நான் அமுத்துவேன். நான் இல்லாம எங்கியும் போவமாட்டன்னு அப்படி வச்சிக்கினாரு.”

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் டேஷ்போர்டைத் துடைத்தாள். அவர் போன அன்றிலிருந்து சுவிட்ச் அணைந்தே இருந்தது என்றும், மகன் காரை எடுக்கும்போது வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தாள் என்றும் ஒத்துக்கொண்டாள். வாய்விட்டு வரமாட்டேன் என்று சொன்னால் அவன் வருத்தப்படுவான், அதனால் கார் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாளாம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பேய் இல்லை, பிசாசு இல்லை, ஒரு சுவிட்ச். சிரித்தேன். சரியான நேரம் பார்த்து அமுக்கி என் வேட்டியை உருவிவிட்டீர்களே பெரியம்மா, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

பெரியம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“நான் எங்கடா அமுத்தனேன்? அடுப்புகிட்ட இருந்தேன். நீ ஓடனப்புறம்தான் வந்து ஒக்காந்து கைய நீட்னேன். அதுக்கு முன்னியே ஆன்ல இருந்துச்சி. கம்பெனில வேல செய்ற புள்ள, கண்டுபுடிச்சிட்டான்னு நெனச்சேன்.”

நான் அந்தச் சுவிட்ச் இருக்கிறதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறேன் என்றேன். வெளியே மணி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“லூஸ் கான்டாக்ட்டா இருக்கும் பெரிம்மா,” என்றேன் கடைசியில்.

“இருக்கும்,” என்றாள்.

என் முழங்கை பட்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பலமுறை அளந்தும் பார்த்துவிட்டேன். என் முழங்கை அவ்வளவு தூரம் போகவில்லை. பெரியம்மா இப்போது அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பழையசீவரம் மலைக்கோயில் வரை போய் வருகிறாள். பக்கத்துச் சீட்டில் யாரையும் உட்காரவிடுவதில்லை. உட்காரச் சொன்னாலும் எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது.

ஏகாம்பரம் அடுத்த தை மாதமே பெண்ணைக் கொடுத்தார். என் அம்மாவே நம்பவில்லை. நிச்சயதார்த்தத்தில் யாரோ துணிந்து கேட்டுவிட்டார்கள், அன்றைக்கு அந்தக் கோலத்தில் பார்த்தும் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று. அவர் சாவகாசமாக வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, “செத்துப்போன பெரிப்பாவுக்கே இவ்ளோ பயப்படறவரு, உயிரோட கீற பொண்டாட்டிக்கு அடங்கித்தானே ஆவணும்” என்றார். முகூர்த்தத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்துத் தைத்திருந்தது. எந்த மாப்பிள்ளைக்கும் நடக்காத மரியாதை.

இந்தக் கதையை இப்போது என்னைவிட என் மனைவிதான் நன்றாகச் சொல்கிறாள். அவள் அன்று அங்கே இல்லவே இல்லை என்பது அவளுக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. அவள் சொல்லும்போது நான் சாமியானாவோடு நிற்பதில்லை, ஏரிக்கரை வரை ஓடுகிறேன். சீட்டுக் கம்பி இல்லை, பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வருகிறது. விரலில் பெரியப்பாவின் மோதிரம்கூட இருக்கிறது. வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்த இடத்தில் காபியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் எங்கள் மகள், நாலு வயது, முழுக் கதையையும் முதல்முறையாகக் கண் கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும் என்னிடம் வந்து, காதோடு காதாக, பெரிய தாத்தா அந்த வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டாள். கொடுத்துவிட்டார், மடித்துக் கொடுத்தார் என்றேன். அவள் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.